பக்கத்தின் கடைசிக் கட்டம்

பிரஸ்ஸல்ஸ் மிடி ரயில் நிலையத்தின் சுவரில் பெரிய கறுப்பு வெள்ளைச் சித்திரம் ஒன்று இருக்கிறது. ஓடும் ரயில் எஞ்சின்மீது தொற்றிக்கொண்டு போகிறான் டின்டின். 'அமெரிக்காவில் டின்டின்' கதையின் ஒரு கட்டத்தைத்தான் அப்படிப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் லொம்பார்ட் பதிப்பகத்தின் பழைய கட்டடம். அதன் உச்சியில் டின்டின் தலையும் நாய் ஸ்னோயியின் தலையும் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வேறு நகரங்களில் மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் கிடைக்கும் இடம் இங்கே சித்திரக்கதை நாயகனுக்குக் கிடைத்திருக்கிறது.

லயன் காமிக்ஸும் முத்து காமிக்ஸும் படித்து வளர்ந்தவர்களுக்கு பெல்ஜியம் அந்நிய நாடே இல்லை. லக்கி லூக்கைப் படைத்த மோரிஸ் இந்நாட்டின் கோர்ட்ரெய்க் நகரத்துக்காரர். ரிப்போர்ட்டர் ஜானியையும் சிக்பில்லையும் வரைந்த டிபெட் மார்செய்யில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்தவர். கேப்டன் டைகரின் கதாசிரியர் ஷார்லியே லியேஜ் நகரத்தவர். 'இரத்தப் படலம்' எழுதிய வான் ஹாம் பிறந்தது பிரஸ்ஸல்ஸில். வரைந்த வில்லியம் வான்ஸ் பிறந்த ஆண்டர்லெக்ட், மிடி நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்துவிலும் 1984இல் தொடங்கிய லயனிலும், நமக்குத் தெரியாமலே இந்தச் சின்ன நாட்டின் கற்பனையைப் படித்து வந்திருக்கிறோம். அந்தக் கதைகள் உருவான இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பார்த்துத் திரும்பியபோது ஒரு கருத்து எனக்குள் உறுதிப்பட்டிருந்தது. கௌபாய் கதையோ, உளவுக் கதையோ, புதையல் வேட்டையோ, காமிக்ஸின் உயிர் அதன் பக்கத்தில் இருக்கிறது. நாயகன் புகழ் பெறலாம், பொம்மையாகலாம், சினிமாவுக்குப் போகலாம். பக்கத்தை மதிக்காதவர் கையில் அவன் செத்துப்போகிறான்.

சாப்ல் தெருவின் கண்ணாடிக் கூரை

பெல்ஜிய சித்திரக்கதை மையம் சாப்ல் தெருவில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் விக்டர் ஹோர்ட்டா ஒரு துணி வியாபாரிக்காக வடிவமைத்து 1906இல் எழுந்த கடை அது. வியாபாரம் நின்று பாழடைந்து கிடந்ததை மீட்டு 1989இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இரும்புத் தூண்கள், அகலமான படிக்கட்டு, மேலிருந்து வெளிச்சத்தை இறக்கும் கண்ணாடிக் கூரை. நடுக்கூடத்தில் டின்டின் நிலவுக்குப் போன சிவப்பு வெள்ளை ராக்கெட்டின் மாதிரி நிற்கிறது. எல்லோரும் அதன் அருகே படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இந்த மையத்தின் செல்வம் மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் அசல் பக்கங்கள்.

அசல் பக்கத்தை முதல்முறை நேரில் பார்ப்பது தனி அனுபவம். நாம் புத்தகத்தில் பார்ப்பதைவிட அது பெரியது. மைக்கு அடியில் பென்சில் கோடு இன்னும் தெரிகிறது. குதிரையின் பின்னங்கால் ஒன்றை வெள்ளை வண்ணத்தால் மறைத்து மீண்டும் வரைந்திருக்கிறார் ஓவியர். அச்சில் அந்தத் திருத்தம் தெரியாது. தாளில் அது லேசாக மேடு தட்டி நிற்கிறது. பலூனுக்குள் எழுத்துகளை நேராக நிறுத்தப் போட்ட மெல்லிய கோடுகள் அழிக்கப்படாமல் கிடக்கின்றன. ஓரத்தில் அச்சகத்துக்கான குறிப்பு. ஒரு மனிதன் மேசைமீது குனிந்து செய்த வேலை இது என்பது அப்போதுதான் உடம்புக்கு உறைக்கிறது.

இந்தப் பக்கங்கள் பெரும்பாலும் முதலில் வாரப் பத்திரிகைகளில்தான் வந்தன. 'ஸ்பிரூ' 1938இல் தொடங்கியது. 'டின்டின்' வார இதழ் 1946இல் வந்தது. ஒரு கதைக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு பக்கம்தான் ஒதுக்குவார்கள். எனவே பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வியை வைத்தாக வேண்டும். கதவு திறக்கும், யார் என்று தெரியாது. துப்பாக்கி வெடிக்கும், யார்மீது பட்டது என்று தெரியாது. அடுத்த பக்கத்தின் முதல் கட்டம் அதற்கு விடை சொல்லும். வாசகன் வாரம் முழுக்கக் காத்திருந்தான். பிறகு அவை ஆல்பமாகத் தொகுக்கப்பட்டபோது அந்தக் கேள்விகளே கதையின் தாளமாகிவிட்டன. வணிகக் கட்டாயம் கலையைக் கெடுக்கும் என்பது பலருடைய எண்ணம். பெல்ஜியக் காமிக்ஸ் அதற்கு நேர் எதிரான சாட்சி. அந்தக் கட்டாயம்தான் இவர்களைக் கூர்தீட்டியது.

டால்டன்கள் நிற்கும் தெரு

பிரஸ்ஸல்ஸ் நகரச் சுவர்களில் 1991 முதல் காமிக்ஸ் நாயகர்களை வரைந்து வருகிறார்கள். வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தே பார்த்துவிடலாம். எத்யூவ் தெருவில் டின்டினும் கேப்டன் ஹாடக்கும் தீயணைப்புப் படிக்கட்டில் இறங்கி வருகிறார்கள். புவாந்தரி தெருவில் வங்கியைக் கொள்ளையிட வந்த டால்டன் சகோதரர்களும் அவர்களை மடக்க வந்த லக்கி லூக்கும் நிற்கிறார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் நான் அதிக நேரம் நின்றேன்.

டால்டன்களின் கதையே சுவையானது. நிஜ டால்டன் கும்பல் 1892இல் கான்சாஸ் மாநிலத்தின் காஃபிவில் ஊரில் வங்கிக் கொள்ளைக்குப் போய் அழிந்தது. மோரிஸ் அவர்களைத் தன் ஆரம்பக் கதை ஒன்றில் கொண்டுவந்து கதை முடிவில் சாகடித்துவிட்டார். பிறகு கதாசிரியராகச் சேர்ந்த கோசினி, செத்தவர்களின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று நால்வரைக் கொண்டுவந்தார். உயர வரிசையில் நிற்கும் நான்கு ஒரே முகங்கள். குள்ளமாக இருப்பவனுக்குத்தான் கோபம் அதிகம். நால்வரும் வரிசையாக நின்றாலே கட்டத்துக்குள் ஒரு சரிவு கிடைக்கிறது, வசனம் தொடங்குவதற்கு முன்பே சிரிப்பு வருகிறது. பக்கத்தை நினைத்துப் படைக்கப்பட்ட பாத்திரங்கள் இவர்கள்.

மோரிஸை நான் பெரிய கலைஞர் என்று கருதுவதற்கு அவருடைய வண்ணமும் ஒரு காரணம். கூட்டம் நிற்கும் காட்சியில் பின்னால் இருப்பவர்களுக்கெல்லாம் ஒரே வண்ணத்தைப் பூசிவிடுவார். மொத்தக் கூட்டமும் மஞ்சளாக இருக்கும், அல்லது ஊதாவாக இருக்கும். முன்னால் நிற்பவன் மட்டும் முழு வண்ணத்தில் இருப்பான். கண் எங்கே போக வேண்டும் என்பதை அவர் முடிவு செய்துவிடுகிறார். அவர் 1948இல் அமெரிக்காவுக்குப் போய்ச் சில ஆண்டுகள் தங்கியவர். கோசினியைச் சந்தித்ததும் அங்கேதான். பார்த்ததையும், ஹாலிவுட் படங்களில் ரசித்ததையும் சேர்த்துத்தான் தன் வன்மேற்கைக் கட்டினார்.

திரைக்கு வந்த லக்கி லூக்குகளில் என் ஓட்டு 1971இல் வந்த 'டெய்சி டவுன்' கார்ட்டூனுக்குத்தான். பிரஸ்ஸல்ஸின் பெல்விஷன் நிறுவனம் எடுத்தது. மோரிஸும் கோசினியும் கூடவே இருந்தார்கள், அதனால் அந்தத் தட்டையான வண்ணமும் தாளமும் தப்பின. டெரன்ஸ் ஹில் நடித்ததும், 2009இல் ஜான் துஜார்தான் நடித்ததும் எனக்கு ஒட்டவே இல்லை. நிழலைவிட வேகமாகச் சுடுபவன் என்பது தாளில் ஒரே கட்டத்தில் முடிகிற வேடிக்கை. நிழல் துப்பாக்கியை உருவுவதற்குள் சுவரில் ஓட்டை விழுந்திருக்கும். நிஜ மனிதனை நிறுத்தி அதைக் கேமராவில் காட்டும்போது தொழில்நுட்பம் தெரிகிறது, சிரிப்பு போய்விடுகிறது.

பழைய சாமான் சந்தை

மரோல் பகுதியின் ஜூ த பால் சதுக்கத்தில் நாள்தோறும் காலையில் பழைய பொருள் சந்தை கூடும். கருங்கல் தரையில் விரிப்பைப் போட்டு, பித்தளை விளக்கு, கைப்பிடி போன பெட்டி, யாருடைய பாட்டியோ என்று தெரியாத புகைப்படம், கிண்ணங்கள், பொத்தான்கள் எல்லாவற்றையும் கொட்டி வைத்திருப்பார்கள். டின்டினைப் படைத்த ஹெர்ஜேயின் 'யூனிகார்ன் கப்பலின் ரகசியம்' இந்தச் சந்தையில்தான் தொடங்குகிறது. நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில், 1942இல் தொடராக வரத் தொடங்கிய கதை. டின்டின் ஒரு பாய்மரக் கப்பல் மாதிரியை வாங்குகிறான். உடனே இரண்டு பேர் வந்து தங்களுக்கு விற்கச் சொல்லி மல்லுக்கு நிற்கிறார்கள். கதைக்கு வேண்டிய அத்தனை முடிச்சும் ஒரு சந்தை பேரத்துக்குள் விழுந்துவிடுகிறது.

சந்தையில் பழைய ஆல்பங்கள் விற்கும் ஒரு முதியவரிடம், முனை மழுங்கிய ரிப்போர்ட்டர் ஜானி ஆல்பம் ஒன்றை வாங்கினேன். இந்தக் கதை எங்கள் மொழியிலும் வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் சொன்னேன். அவர் நம்பவில்லை. கைப்பேசியில் ஒரு லயன் காமிக்ஸ் அட்டைப்படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழ் எழுத்துகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடைக்காரரை அழைத்துக் காட்டினார். சொன்ன விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை, ஆனால் இன்னொரு ஆல்பத்தைச் சும்மா கையில் திணித்தார்.

ஸ்பீல்பெர்க் 2011இல் எடுத்த டின்டின் படமும் இப்படியொரு சந்தையில்தான் ஆரம்பிக்கிறது. அதில் டின்டினின் முகத்தை வரைந்து கொடுக்கும் தெரு ஓவியருக்கு ஹெர்ஜேயின் சாயல். அந்த மரியாதை என் மனசைத் தொட்டது. படம் மோசமில்லை, பல இடங்களில் பிரமிக்க வைக்கிறது. ஆனால் புத்தகத்தில் ஹாடக் தன் மூதாதையின் கடற்போரைச் சொல்லும் பக்கங்களை எடுத்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் பதினேழாம் நூற்றாண்டின் வாள் சண்டை. அடுத்த கட்டத்தில் வரவேற்பறையில் வாளைச் சுழற்றி நாற்காலியைத் துவம்சம் செய்யும் ஹாடக். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிறோம். வீரமும் கேலிக்கூத்தும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. சினிமாவில் ஒன்று மறைந்துதான் மற்றொன்று வர முடியும். ஸ்பீல்பெர்க் போன்ற கெட்டிக்காரராலும் அந்த எல்லையைத் தாண்ட முடியவில்லை.

போகாமல் வரைந்த நாடு

நான் நேசிக்கும் ஹெர்ஜேயின் குறையையும் போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் தெர்வூரன் சென்றேன். மோன்கோமரியிலிருந்து 44ஆம் எண் டிராம், காட்டை ஒட்டிப் போகும் அழகான பாதை. பாதையின் முடிவில் இருப்பது மன்னர் இரண்டாம் லியோபோல்ட் கட்டத் தொடங்கிய ஆப்பிரிக்க அருங்காட்சியகம். காங்கோ மக்களின் ரத்தத்தில் எழுந்த செல்வம் அது. நீண்ட சீரமைப்புக்குப் பின் 2018 டிசம்பரில் மீண்டும் திறந்தபோது, காலனியப் பார்வை கொண்ட பழைய சிற்பங்கள் சிலவற்றைத் தனியறையில் ஒதுக்கி, அவை ஏன் ஒதுக்கப்பட்டன என்ற விளக்கத்தோடு வைத்தார்கள். அவற்றில் ஒன்று சிறுத்தை மனிதன் சிலை. முகமூடி அணிந்து, இரும்பு நகங்களோடு, தூங்குபவன்மீது பாயக் குனிந்திருக்கும் உருவம். 'காங்கோவில் டின்டின்' கதையில் வரும் சிறுத்தை மனிதன் இந்தச் சிலையிலிருந்து வந்தவன்.

ஹெர்ஜே காங்கோவுக்குப் போனதில்லை. அருங்காட்சியகத்தையும் அன்றைய பெல்ஜியத்தின் ஆணவத்தையும் பார்த்து 1930இல் அதை வரைந்தார். காங்கோ மக்களைக் குழந்தைகளாகவும் முட்டாள்களாகவும் காட்டினார். பள்ளிக்கூடக் காட்சியில் காங்கோ சிறுவர்களுக்கு டின்டின் பாடம் எடுக்கிறான். அவர்களுடைய தாய்நாடு பெல்ஜியம் என்பதே பாடம். 1946இல் வண்ணத்தில் திருத்தி வரைந்தபோது அது கணக்குப் பாடமானது. தடை கோரி பிரஸ்ஸல்ஸில் தொடர்ந்த வழக்கு 2012இல் தள்ளுபடியானது. தடை வேண்டாம் என்பதே என் கருத்தும். ஆனால் இந்த ஆல்பத்தைக் குழந்தையின் கையில் வெறுமனே கொடுக்கக் கூடாது. காலனி ஆட்சியின் கீழ் வாழ்ந்த நாட்டவர்கள் நாம். அந்தப் பக்கங்களில் கேலி செய்யப்படுபவர் யார் என்பது நமக்குத் தெரியும்.

அதே ஹெர்ஜே சில ஆண்டுகளில் மாறினார் என்பதுதான் எனக்கு அவர்மீதுள்ள மதிப்பின் வேர். பிரஸ்ஸல்ஸில் சிற்பக்கலை படிக்க வந்திருந்த ஜாங் சோங்ரென் என்ற சீன மாணவரை 1934இல் சந்தித்தார். அவரிடம் கேட்டுக் கேட்டு 'நீலத் தாமரை'யை வரைந்தார். ஷாங்காய்ச் சுவர்களில் இருக்கும் சீன எழுத்துகள் ஜாங் எழுதிக் கொடுத்த நிஜ வாசகங்கள். ஜப்பானிய ஆக்கிரமிப்புக்கு எதிரான முழக்கங்களும் அவற்றில் உண்டு. வெள்ளைக்காரர்களின் திமிரை அந்தக் கதை நேராகச் சாடுகிறது. சாகசக் கதைக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் இந்த இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துப் படிக்கட்டும். தெரியாமல் வரைந்தது வெட்கமாக நிற்கிறது. தெரிந்து வரைந்தது இன்றும் தலைநிமிர்ந்து நிற்கிறது.

நினைவிழந்தவனும் வாசகனும்

வான்ஸின் நகரத்தில் 'இரத்தப் படலம்' பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கடற்கரையில் ஒதுங்கிய ஒருவன். தலையில் குண்டுக் காயம். கழுத்தெலும்பருகே பதிமூன்று என்ற ரோமன் எண் பச்சை குத்தியிருக்கிறது. தான் யார் என்பது அவனுக்கே தெரியாது. ராபர்ட் லட்லமின் நாவல் ஒன்றின் பொறியிலிருந்து தொடங்கிய கதை இது. 1984 முதல் 2007 வரை 19 ஆல்பங்களாக அமெரிக்க அதிகாரத்தின் உள்ளறைகள் வரை போனது. அதில் ஒன்றை வான்ஸுக்குப் பதில் கேப்டன் டைகரின் ஓவியர் ஜிரோ வரைந்தார்.

இதை 2008இல் குறுந்தொடராகவும் 2011இல் முழுத் தொடராகவும் எடுத்தார்கள். இரண்டும் ஓட்டமும் வெடிச்சத்தமுமாக முடிந்தன. காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. புத்தகத்தில் ஒரு முகத்தைப் பார்க்கிறோம், நாற்பது பக்கம் கழித்து அதே முகம் வேறு பெயரில் வருகிறது. உடனே பின்னோக்கிப் புரட்டித் தேடுகிறோம். நாயகனால் திரும்பிப் போக முடியாத இடத்துக்கு நம்மால் போக முடிகிறது. அவன் தொலைத்த நினைவை வாசகனின் விரல்கள் தேடுகின்றன. வான்ஸ் அதற்கேற்ற நிதானத்தோடு, ஒவ்வொரு அறையையும் ஒவ்வொரு முகத்தையும் ஆவணம்போல் வரைந்து வைத்தார். தொலைக்காட்சித் தொடர் நம்மை இழுத்துக்கொண்டு ஓடியது, தேடும் வேலையை நமக்குக் கொடுக்கவே இல்லை.

லாப்ரடார் தெரு, எண் 26

ஹெர்ஜே அருங்காட்சியகம் பிரஸ்ஸல்ஸுக்கு வெளியே லூவாங் லா நூவ் பல்கலைக்கழக ஊரில் இருக்கிறது. 2009இல் திறந்தது. அதன் முகவரி லாப்ரடார் தெரு, எண் 26. கதையில் டின்டின் குடியிருந்த முகவரி அது. அங்கே ஹெர்ஜேயின் பென்சில் பக்கங்களைப் பார்க்கலாம். அச்சில் அத்தனை சுத்தமாக, ஒரு கோடு கூட மிகையில்லாமல் இருக்கும் டின்டின், பென்சிலில் கோடுகளின் சூறாவளிக்குள் இருக்கிறான். ஓடும் கால் ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து கோடுகள். சில இடங்களில் பென்சில் அழுத்தித் தாள் பள்ளமாகியிருக்கிறது. அந்தச் சூறாவளியிலிருந்து சரியான ஒரே கோட்டைத் தேர்ந்தெடுத்து மையிட்டிருக்கிறார்.

நீலத் தாமரைக்காக ஹெர்ஜே 1936இல் வண்ணத்தில் தீட்டிய ஓர் அட்டைப்படம் அச்சிடச் செலவு அதிகம் என்று கைவிடப்பட்டது. மடித்த தடங்களோடு பிழைத்திருந்த அந்தத் தாள் 2021இல் பாரிஸ் ஏலத்தில் 30 லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோனது. விலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அது பிழைத்திருந்தது என்பதுதான். அருங்காட்சியகங்கள் வந்தது பின்னால். அதற்கு முன்பே யாரோ சிலர் அந்தத் தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள்.

தமிழிலும் வாண்டுமாமா காலத்திலிருந்து சித்திரக்கதைகளுக்கும் தொடர்கதைகளுக்கும் அட்டைகளுக்கும் வரைந்த எத்தனையோ கைகள் உண்டு. அவர்கள் வரைந்தது அச்சாகிவிட்டது, அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. அச்சில் தெரியாத அழித்த கோடும் வெள்ளைத் திருத்தமும் அசலில்தான் இருக்கும். அடுத்த தலைமுறை ஓவியர் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஓவியரின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பரணில் இருக்கும் அசல் தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். மடிக்காமல், வெயிலும் ஈரமும் படாமல் தட்டையாக வையுங்கள். எந்தக் கதைக்கு, எந்த ஆண்டு வரைந்தது என்று தனிச்சீட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் காக்க முடியாது என்றால், பழைய தமிழ் அச்சு நூல்களைப் பாதுகாத்துவரும் சென்னை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களை அணுகி, என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.